தேய்க்கிறவங்க பேரு என்ன?

கனடாவின் ஜூனியர் கர்லிங் அணி ரஷ்யாவில் க்ராஸ்னோயார்ஸ்க் என்ற ஊருக்கு விளையாடப் போகிறது என்று தெரிந்ததும் நான் முதலில் பார்த்தது நேர வித்தியாசத்தைத்தான். சைபீரியாவில், யெனிசேய் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். டொராண்டோவுக்கும் அதற்கும் பிப்ரவரியில் கச்சிதமாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அங்கே காலை ஒன்பது மணி என்றால் இங்கே முந்தின நாள் இரவு ஒன்பது. கடிகார முள்ளைத் தொட வேண்டியதே இல்லை, பகலை இரவாக்கிக்கொண்டால் போதும். ஒரு வாரம் அப்படித்தான் ஓடியது.

2020 பிப்ரவரி 15 முதல் 22 வரை நடந்த உலக ஜூனியர் கர்லிங் சாம்பியன்ஷிப் அது. இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அதே வாரம் இங்கே சஸ்காச்சுவான் மாகாணத்தில் மூஸ் ஜா என்ற ஊரில் பெரியவர்களுக்கான ஸ்காட்டீஸ், அதாவது கனடாவின் பெண்கள் தேசியப் போட்டி, நடந்துகொண்டிருந்தது. கர்லிங் பார்க்கும் கனடாக்காரர்கள் அத்தனை பேரும் டிவியில் மூஸ் ஜாவைப் பார்த்தார்கள். உலகத்தின் மறுபக்கத்தில் தேசியக்கொடி போட்ட சட்டையோடு விளையாடிய பிள்ளைகளைப் பார்த்தவர்களை எண்ணிவிடலாம். அலுவலகத்தில் என்னைத் தவிர ஒரே ஒருவர். அவர் வினிபெக்கில் பிறந்து வளர்ந்தவர், எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவரும் அவரே. வினிபெக்காரருக்கு அந்த வருடம் கூடுதல் காரணம் இருந்தது. ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே அவருடைய மானிடோபா மாகாணத்து அணிகள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 45 மீட்டர் நீளத்துக்கு ஒரு பனித்தளம். அதன் கோடியில் 12 அடி விட்டத்தில் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்திருப்பார்கள், அதற்கு ஹவுஸ் என்று பேர். இருபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கருங்கல்லை இந்தக் கோடியிலிருந்து வழுக்கிக்கொண்டே வந்து விட வேண்டும். அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரண்டு அணியும் மாறி மாறி விட்டுப் பதினாறு கல்லும் முடிந்தால் ஒரு எண்ட். நடுப்புள்ளிக்கு யாருடைய கல் மிக அருகில் இருக்கிறதோ அந்த அணிக்கு மட்டும்தான் அந்த எண்டில் புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே எத்தனை கல் வைத்திருக்கிறார்களோ அத்தனை புள்ளி. இப்படிப் பத்து எண்ட். கேரம் விளையாடியவர்களுக்கு இதில் பாதி விஷயம் உடனே பிடிபட்டுவிடும்: அடித்து வெளியேற்றுவது, ஒன்றில் பட்டு இன்னொன்றைத் தள்ளுவது, எதிராளியின் காயை மறைத்து நிறுத்துவது எல்லாம் உண்டு.

பிடிபடாத மறுபாதிதான் ருசியான பாதி. கடைசிக் கல் யாருக்கு என்பதே இந்த ஆட்டத்தின் உயிர். அதை ஹேமர் என்பார்கள். ஒரு எண்டில் புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹேமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருமே புள்ளி எடுக்கவில்லை என்றால் ஹேமர் இருந்த கையிலேயே இருக்கும். அதனால் கடைசிக் கல்லோடு ஒரே ஒரு புள்ளி எடுப்பது பல நேரம் நஷ்டக் கணக்கு. சும்மா கிடைக்கும் ஒரு புள்ளியை வேண்டாம் என்று கல்லை வேண்டுமென்றே வட்டத்துக்கு வெளியே போகவிடுவார்கள். முதன்முதலில் பார்க்கிறவர்கள் "ஐயோ, தவறவிட்டுட்டாளே" என்று பதறுவார்கள். அவள் தவறவிடவில்லை, அடுத்த எண்டில் இரண்டாக வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள்.

அந்தச் சமயம் ஊரிலிருந்து அம்மா வந்து எங்களோடு இருந்தார். இரவு ஒன்பது மணிக்குத் தமிழ் சீரியல் முடிந்ததும் நான் மடிக்கணினியை டிவியோடு இணைத்து கர்லிங்கைப் போடுவேன். எழுந்து போகாமல் அவரும் உட்கார்ந்து பார்ப்பார். விதிமுறை எதுவும் கேட்கவில்லை. நாலைந்து எண்ட் போனபிறகு ஒரு கேள்வி வந்தது.

"ஏம்மா, அந்தக் கோடியில நின்னு கத்துறது ஒருத்தி. ஓடி ஓடித் தேய்க்கிறது ரெண்டு பேரு. ஆனா டிவியில போடுற பேரு மட்டும் கத்துறவ பேரா?"

ஆமாம். கர்லிங்கில் அணிக்கு ஸ்கிப்பின் பெயர்தான். ஸ்கிப் என்றால் தலைவி. எங்கே விட வேண்டும் என்று தடியைக் காட்டி நிற்பவர், கடைசி இரண்டு கல்லையும் விடுபவர். அந்த அணியை எல்லாரும் ஸகரையாஸ் அணி என்றார்கள், ஸ்கிப் மெக்கென்ஸி ஸகரையாஸ். தேய்க்கிறவர்கள் பெயரைத் திரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மாவின் கேள்விக்குப் பிறகு நான் அந்த வாரம் முழுக்க ஸ்கிப்பை விட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஜூனியர் அணியைப் பின்தொடர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. காரணம் சொல்கிறேன்.

முதலில் அணியைப் பார்த்துவிடுவோம். மெக்கென்ஸியும் தங்கை எமிலியும் மானிடோபாவின் தெற்கே, அமெரிக்க எல்லையை ஒட்டிய அல்டோனா என்ற சிற்றூர்க்காரர்கள். சூரியகாந்திக்குப் பேர்போன ஊர். வான்கோவின் சூரியகாந்தி ஓவியத்தைப் பிரம்மாண்டமாகப் பிரதியெடுத்து எழுபது அடிக்கு மேல் உயரமான ஓவியத் தாங்கியில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். கனடாவின் பெரிய புத்தக அச்சகங்களில் ஒன்றான ஃப்ரீசன்ஸ் இருப்பதும் அங்கேதான். அப்பா ஷெல்டன் ஸகரையாஸ்தான் பயிற்சியாளர். மற்ற இருவர் கிழக்குக் கரையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்: பிரின்ஸ் எட்வர்ட் தீவின் லாரன் லெனன்டைன், நோவா ஸ்கோஷியாவின் கார்லி பர்ஜஸ். ஜனவரியில் லாங்லியில் நடந்த கனடா ஜூனியர் போட்டியை ஜெயித்த கையோடு, ஒரு மாதத்துக்குள் சைபீரியா.

பயிற்சியாளர் அப்பா என்றால் ஆட்டம் முழுக்கக் காதில் ஓதிக்கொண்டிருப்பார் என்று நினைக்காதீர்கள். கர்லிங்கில் பயிற்சியாளர் தளத்தின் ஓரத்தில், மாற்று ஆட்டக்காரரோடு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சைகைகூடக் கூடாது. அணி டைம் அவுட் கேட்டால் இறங்கி வந்து பேசலாம், ஐந்தாம் எண்ட் முடிந்து வரும் இடைவேளையில் பேசலாம், அவ்வளவுதான். யோசிக்கவும் கணக்கு உண்டு. பத்து எண்டுக்கும் சேர்த்து அணிக்கு 38 நிமிடம், சதுரங்கக் கடிகாரம் மாதிரி ஓடும். பத்தொன்பது இருபது வயசுப் பிள்ளைகள் பெரியவர்கள் துணை இல்லாமல் தாங்களே கூடிப் பேசி, தங்கள் நேரத்தைத் தாங்களே செலவழித்து முடிவெடுக்கிறார்கள். அனுபவஸ்தர்கள் இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வதை இவர்கள் வாய்விட்டுப் பேசுவார்கள். "அவங்க இதை அடிப்பாங்களா? அடிச்சா நமக்கு என்ன மிச்சம்?" என்ற ரீதியில். ஜூனியர் ஆட்டம் எனக்கு அதனாலேயே கூடுதலாகப் பிடிக்கும். பாடம் நடத்துகிறோம் என்று தெரியாமலே நமக்குப் பாடம் நடத்திவிடுவார்கள்.

இனி தேய்ப்பதற்கு வருகிறேன். லீட் முதல் இரண்டு கல்லை விடுவார், செகண்ட் அடுத்த இரண்டை, தேர்ட் அடுத்த இரண்டை, கடைசி இரண்டும் ஸ்கிப்புக்கு. லீட் விடும்போது செகண்டும் தேர்டும் தேய்ப்பார்கள், செகண்ட் விடும்போது லீடும் தேர்டும். தேர்டும் ஸ்கிப்பும் விடும்போது லீடும் செகண்டும். கூட்டிப் பாருங்கள். செகண்ட் ஒரு எண்டில் விடுவது இரண்டு கல், பக்கத்தில் ஓடுவது ஆறு கல்லுக்கு. பத்து எண்ட் போனால் அறுபது கல். விளக்குமாற்றை முழு உடம்பையும் போட்டு அழுத்தி, நாடித்துடிப்பு எகிற எகிறத் தேய்த்துவிட்டு, அடுத்த நிமிடம் மூச்சை அடக்கித் தன் கல்லை நூல் பிடித்த மாதிரி விட வேண்டும்.

எதற்குத் தேய்க்கிறார்கள்? தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய வைப்பார்கள். கல் அந்தப் பொடிப் பனிமுத்துகளின் மேல்தான் ஊர்ந்து போகிறது. தேய்த்தால் மேற்பரப்பு லேசாகச் சூடேறி உரசல் குறையும். கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். எனவே விட்டுவிட்ட கல்லை வழியிலேயே திருத்த முடிகிற ஆட்டம் இது. கையை விட்டபிறகு கல் ஹவுஸைப் போய்ச் சேர இருபது விநாடிக்கு மேல் ஆகும். அந்த இருபது விநாடியும் தேய்க்கிறவர்களுடையது.

அவர்கள் சும்மா ஓடுவதும் இல்லை. கல் எந்த வேகத்தில் புறப்பட்டது என்பதை ஸ்டாப்வாட்சில் பிடிக்கிறார்கள். ஓடிக்கொண்டே எண் சொல்லிக் கத்துகிறார்கள். கல் எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஒன்றிலிருந்து பத்துவரை எண் வைத்திருக்கிறார்கள். நான்கு என்றால் ஹவுஸின் முன்விளிம்பு, ஏழு என்றால் நடுக்கோடு, பத்து என்றால் பின்விளிம்பு. "ஆறு! ஆறு! இல்லை, அஞ்சு!" என்று தேய்க்கிறவர் கத்துவது தூரக்கணக்கு. வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கத்துவது ஸ்கிப்பின் வேலை. தூரம் ஒருத்தர் கையில், திசை இன்னொருத்தர் கண்ணில். இது புரிந்த இரவிலிருந்து எனக்கு அந்தக் கூச்சல் கூச்சலாகவே கேட்கவில்லை. அம்மாவும் இரண்டே நாளில் எண் சொல்லப் பழகிவிட்டார். என் கணிப்பைவிட அவருடையது அடிக்கடி பலித்தது என்பதை இங்கே எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

தொடரில் பத்து நாடுகள். எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை, ஆக ஒன்பது லீக் ஆட்டம். முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்கு. கடைசியில் நிற்கிறவர்கள் அடுத்த வருடம் பி பிரிவில் விளையாடி மறுபடி மேலே வர வேண்டும். ஒரே நேரத்தில் பல தளங்களில் ஆட்டம் நடக்கும், கேமரா ஒன்றுக்குத்தான் வரும். கனடாவின் ஆட்டம் கேமராவில் இல்லாத வேளைகளில் எனக்குக் கதி இணையத்தில் வரும் புள்ளிப்பட்டியல். ஒரு வரிசையில் பத்துக் கட்டம், ஒவ்வொரு எண்டும் முடிய முடிய ஒரு எண் விழும். அரைமணி நேரம் எதுவுமே மாறாமல் இருந்து, திடீரென்று எதிரணிக் கட்டத்தில் 3 என்று விழுந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எப்படி விழுந்தது, யார் தவறவிட்டது, ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துக் கல்லுக்குக் கல் படம் போட்ட அறிக்கை வரும். ஒவ்வொரு கல்லும் எங்கே நின்றது என்று சின்ன வட்டங்களாக வரைந்து, விட்டவருக்குப் பூஜ்யத்திலிருந்து நான்குவரை மதிப்பெண் போட்டிருப்பார்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து வீட்டுக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

கடைசிக் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி விழும். அந்த எண்ட் விளையாடப்படவில்லை, அதற்கு முன்பே கை கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இனி முடியாது என்று தெரிந்தால் தோற்கிற அணி கையுறையைக் கழற்றிக் கை நீட்டிவிடும். இழுத்தடிப்பது மரியாதை இல்லை என்பது இந்த ஆட்டத்தில் ஊறிப்போன பழக்கம். தன் விளக்குமாறு நகர்ந்துகொண்டிருக்கும் கல்லில் பட்டுவிட்டால் பட்டவரே சொல்லிவிடுவதும் அப்படித்தான். பத்தொன்பது வயதில் உலகப் போட்டியில் இதைச் செய்வது லேசான காரியமில்லை.

இப்போது கார்லி பர்ஜஸ். என் பார்வை அவரிடம் போய் நின்றதற்குக் காரணம் அவர் கதை. 2016இல் நார்வேயின் லில்லேஹாம்மர் இளையோர் ஒலிம்பிக்கில் கனடாவுக்காக இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள் சேர்ந்த கலப்பு அணி தங்கம் வாங்கியது. ஸ்கிப் மேரி ஃபே. மற்றவர்கள் டைலர் டார்டி, ஸ்டெர்லிங் மிடில்டன், பர்ஜஸ். அடுத்த மாதமே டென்மார்க்கில் நடந்த உலக ஜூனியரில் மேரி ஃபே தலைமையிலான நோவா ஸ்கோஷியாப் பெண்கள் தங்கம் வாங்கினார்கள், அதில் செகண்ட் பர்ஜஸ். அதோடு மேரி ஃபே போட்டிகளை விட்டுப் படிக்கப் போய்விட்டார். 2018இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் கெய்ட்லின் ஜோன்ஸ் என்ற வேறொரு ஸ்கிப்போடு கனடா மறுபடி தங்கம், செகண்ட் அதே பர்ஜஸ். 2020இல் மூன்றாவது ஸ்கிப்போடு, தேர்டாக ஆடினார். வயது வரம்புப்படி அதுவே அவருக்குக் கடைசி ஜூனியர் உலகப் போட்டி. பட்டியலில் அணிகளின் பெயர் ஃபே, ஜோன்ஸ், ஸகரையாஸ் என்றுதான் இருக்கும். மூன்றிலும் இருந்த ஒரே ஆளின் பெயர் எதிலும் இருக்காது.

தேர்டின் வேலை விசித்திரமானது. லீடுக்கும் செகண்டுக்கும் தேய்க்க வேண்டும், தானும் இரண்டு கல் விட வேண்டும், ஸ்கிப் விடும்போது எதிர்க்கோடிக்குப் போய்த் தடியைப் பிடித்து நின்று திசை பார்க்க வேண்டும். ஸ்கிப்போடு வாதாட உரிமை உள்ளவரும் அவர்தான். வாதாடிவிட்டு, ஸ்கிப் எடுத்த முடிவு பிடிக்காவிட்டாலும் அதைத் தன் முடிவாக நினைத்துத் தடியைக் காட்ட வேண்டும். மூன்று ஸ்கிப்புகளோடு ஜெயித்தவருக்கு இது கைவந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

இறுதி ஆட்டம் தென் கொரியாவோடு. பேரளவில்தான் அது ஜூனியர் அணி. கிம் மின்-ஜி தலைமையிலான அந்தப் பெண்கள் அதற்கு முந்தைய ஆண்டு, 2019இல், டென்மார்க்கின் சில்கபோர்கில் நடந்த பெரியவர்களுக்கான உலகப் போட்டியிலேயே வெண்கலம் வாங்கியவர்கள். பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் கொரியா வாங்கிய முதல் பதக்கம் அது. அவர்களை எதிர்த்துக் கனடா 7-5 என்று ஜெயித்தது. ஆண்கள் இறுதியில் ஜாக் கோத்தியே அணி சுவிட்சர்லாந்தை 7-2 என்று வென்றது. 2018, 2019இல் டைலர் டார்டி வாங்கிய தங்கங்களைச் சேர்த்தால் கனடா ஆண்களுக்குத் தொடர்ந்து மூன்றாவது. வினிபெக்காரர் அனுப்பிய குறுஞ்செய்தியில் வார்த்தையே இல்லை, மானிடோபாக் கொடி மட்டும் வரிசையாக.

மறுநாள் மூஸ் ஜாவில் இன்னொரு மானிடோபா அணி, கெர்ரி ஐனர்சன் அணி, ஸ்காட்டீஸையும் ஜெயித்தது. அடுத்த மாதம் பிரின்ஸ் ஜார்ஜில் நடக்கவிருந்த உலகப் போட்டி கொரோனாவால் ரத்து. 2021இல் பெய்ஜிங்கில் நடக்க வேண்டிய உலக ஜூனியரும் ரத்து. வயது ஏறி வெளியேறியவர்களுக்குப் போன வாய்ப்பு போனதுதான்.

பிறகு என்ன ஆனது என்பதற்காகத்தான் ஜூனியரைப் பார்க்கச் சொல்கிறேன். மூஸ் ஜாவில் அந்த வாரம் விளையாடியவர்களில் ஜெனிஃபர் ஜோன்ஸும் ஒருவர், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வாங்கியவர். 2022இல் அவர் புதிதாக அணி சேர்த்தபோது யாரை எடுத்தார் தெரியுமா? ஸகரையாஸ் அணியை மொத்தமாக. 2023, 2024 இரண்டு ஸ்காட்டீஸிலும் இறுதிக்கு வந்தார்கள், இரண்டிலும் தோற்றார்கள். 2024 கால்கரி இறுதியில் ரேச்சல் ஹோமன் அணியிடம் 5-4, ஒரே புள்ளி. அன்று ஜோன்ஸோடு தளத்தில் நின்றவர்கள் பர்ஜஸ், எமிலி, லெனன்டைன். க்ராஸ்னோயார்ஸ்க்கில் ஸ்கிப் அல்லாத மூன்று பேரும். அம்மா ஊரிலிருந்து போனில் கேட்டார்: "அந்த மூணு பொண்ணுங்களும் இன்னும் தேய்க்கிறாங்களா?"

இது கனடாவின் கதை மட்டுமல்ல. ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட் நான்கு முறை ஜூனியர் உலகத் தங்கம் வாங்கி, 2022இல் ஒலிம்பிக் தங்கத்துக்கு வந்தார். ஸ்வீடனின் நிக்லஸ் எடின் 2004இல் ஜூனியர் தங்கம், 2022இல் ஒலிம்பிக் தங்கம். கனடாவின் பிராட் குஷூ 2001இல் ஜூனியர் தங்கம், 2006இல் ஒலிம்பிக். ஆண்களுக்கான இந்த ஜூனியர் உலகப் போட்டி 1975இல் தொடங்கியது. எங்கே என்று நினைக்கிறீர்கள்? நம் ஆட்கள் நிறையப் பேர் வசிக்கும் இதே டொராண்டோவின் கிழக்கே, ஈஸ்ட் யார்க்கில். முதல் கோப்பையை ஸ்வீடன் கொண்டுபோனது. பெண்களுக்கு 1988வரை இப்படி ஒரு போட்டியே இல்லை.

எனவே அடுத்த உலக ஜூனியர் வரும்போது ஏதாவது ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கனடாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பி பிரிவிலிருந்து முட்டி மோதி மேலே வரும் நாடுகளைப் பின்தொடர்வது இன்னும் சுவாரசியம். டொராண்டோ பக்கம் இருக்கிறவர்கள் ஒரு கிளப்பின் அறிமுக வகுப்புக்குப் போய் இரண்டு கல் விட்டுப் பாருங்கள், சுத்தமான ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி போதும், மற்றதை அவர்களே தருவார்கள். ஆட்டம் பார்க்க உட்கார்ந்ததும் ஸ்கிப் பெயர் தானாகவே தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு லீட், செகண்ட், தேர்ட் மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். நாலு வருடம் கழித்துப் பெரிய போட்டிகளில் அவற்றில் எத்தனை பெயர் வருகிறது என்று பின்னூட்டத்தில் வந்து சொல்லுங்கள். என் தாளில் மூன்றுக்கு மூன்று.